சேர்வராயன் மலையில் ஜீப் தடங்கள்



ஏற்காடு என்றதும் தங்கள் நினைவுக்கு வருவன எவை? ஏரியும் படகும், லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் மின்னும் சேலத்து விளக்குகளும், கோடை விழாவின் மலர்க் கண்காட்சியும்தாமே! அவற்றைப் பற்றி எழுத ஏராளமானோர் உள்ளனர். நான் தங்களை அழைத்துச் செல்ல விரும்புவது ஊருக்கு அப்பால், தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்துக்கு. அங்கே பேருந்து வராது. கார் சென்றால் திரும்பாது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் ஜீப் வேண்டும். அந்த ஜீப்பின் வயிற்றுக்கடியில், எவர் கண்ணிலும் படாமல் எண்ணெய்க்குள் கிடந்து உழைக்கும் ஓர் இரும்புத் தண்டைப் பற்றியும் சற்று விரிவாகவே பேசியாக வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. அண்மை ஆண்டுகளில் நம் இல்லங்களில் புதியதோர் ஆர்வம் புகுந்திருப்பதைத் தாங்களும் கண்டிருக்கக் கூடும். ஞாயிறன்று ஃபஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு நண்பர்கள் நால்வர் ஐவராகத் திரண்டு, ஆளுக்கொரு ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையடிவாரங்களை நோக்கிப் புறப்பட்டு விடுகின்றனர். 'ஆஃப் ரோடு' என்பது அவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர். மாலையில் உடையெல்லாம் செஞ்சேறாகத் திரும்பி வந்து, உணவுத் தட்டின் முன் அமர்ந்து அவர்கள் பேசுகின்ற பேச்சு தாய்மார்களுக்கு விளங்குவதில்லை. ஆக்சில் முறிந்ததாம், கிராஸ் போயிற்றாம், டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் ஏறிற்றாம்! தகப்பனார்களுக்கு விளங்குவதோ பட்டறைக்காரர் எழுதித் தரும் சீட்டின் கடைசி வரி மட்டுமே. இது வீண் விளையாட்டு என்று ஒதுக்குவோரும் உளர். வீரம் என்று புகழ்வோரும் உளர். இரு சாராரும் அம்மலைத் தடங்களை ஒருமுறை கண்டுவிட்டுப் பேசுதல் நலம்.

இருபது வளைவுகள்

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில். இடையிலுள்ள தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். (இத்தொலைவுக்குக் கஸ்ருத் தொழுகைச் சலுகை கிடையாது என்பதைச் சேலத்துச் சகோதரர்கள் மறந்துவிட வேண்டாம்!) ஆக, முப்பது கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் ஏறியாக வேண்டும். அடிவாரத்தைக் கடந்ததும் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளைக் கண்டவர்களுக்கு இது சிறு கணக்காகத் தோன்றலாம். ஆனால் 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த பேருந்து ஒன்று, வளைவுத் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்ததில் உயிர்கள் சில பறிபோயின, காயமுற்றோர் பலர். நல்ல தார்ச் சாலையில், பட்டப்பகலில் புறப்பட்ட பயணங்களுக்கும் இம்மலை இரக்கம் காட்டுவதில்லை.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிப்பை இழந்துவிடும். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமன்று, சாலை விதியும் ஆகும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது எத்தனை கடினம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஜீப் வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த வளைவுகளில் அறிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. புதிதாக வாங்கியவர்களுக்கு நான்கு சக்கர இழுவையைப் போட்டுப் பார்க்க ஆசை எழுவது இயல்பு. மலைதானே என்று அடிவாரத்திலேயே அதைப் போட்டுவிடுகின்றனர். நம் நாட்டு ஜீப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்த நெம்புகோலைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டப்பட்டு விடும். வளைவிலோ முன் சக்கரங்கள் அகன்ற வட்டத்தில் செல்கின்றன; பின் சக்கரங்கள் குறுகிய வட்டத்தில் செல்கின்றன. ஆகவே முன்னது அதிகம் உருள வேண்டும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்து கொள்ளும். தாரில் வழுக்காது. வழுக்காதபோது அந்த முறுக்கு முழுவதும் தண்டுகளுக்குள் ஏறி நிற்கிறது. இருபது வளைவுகளிலும் இப்படி முறுக்கிக்கொண்டே சென்றால் எங்கே உடையும்? எது மெலிந்ததோ அங்கே உடையும்! மலைக்கு மேலே சேற்றில் நேர்ந்ததாக எண்ணப்படும் முறிவுகள் சில, உண்மையில் கீழே தாரிலேயே தொடங்கிவிட்டவை.

ஏற விரும்பாதோருக்கு மாற்று வழியும் உண்டு. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு சென்று ஏற்காட்டை அடையலாம். கூட்டம் குறைவு, காட்சி மிகுதி. நான் அந்த வழியையே விரும்புவேன்.

காப்பித் தோட்டத்துச் செம்மண்

ஊரைத் தாண்டிவிட்டால் எத்திசையில் சென்றாலும் காப்பித் தோட்டங்கள். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு அடியில், இடுப்பளவு உயரத்தில் வளர்ந்து நிற்கின்ற காப்பிச் செடிகள். இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்பவர். அரபு நாட்டிலிருந்து வந்த செடி அது. கர்நாடகத்துச் சிக்மகளூர் மலைக்கு யமன் நாட்டு மோக்காவிலிருந்து அதன் வித்துக்களைக் கொண்டுவந்தவர் பாபா புடன் என்னும் இறைநேசர் என்பது வழிவழிச் செய்தி. காலையில் நாம் அருந்தும் ஒரு குவளை காப்பிக்குப் பின்னால் எத்தனை பயணங்கள்!

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். பறித்த பழத்தைச் சரிவிலிருந்து மேலே கொண்டுவர வேண்டும். உரத்தைக் கீழே கொண்டுசெல்ல வேண்டும். இதற்காகத் தோட்டங்களுக்குள் வெட்டிய தடங்களே இன்று இளைஞர்கள் தேடி வருகின்ற 'டிரெயில்'கள். ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இம்மலையில் பாக்சைட் வெட்டி எடுத்தனர். லாரிகள் அதை இறக்கிச் சென்றன. மலையுச்சியின் மண் அத்தகையது. இரும்பும் அலுமினியமும் கலந்த செம்மண். வெயிலில் மாவு, மழையில் சோப்பு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது, மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. தார்ச்சாலையே அவ்வாறாயின் உள்ளே இருந்த செம்மண் தடங்களின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ!

படைவண்டி தோட்டத்து வண்டியானது

ஜீப்பின் கதை சுவையானது. 1940இல் அமெரிக்கப் படைக்கு எடை குறைந்த, எங்கும் செல்லத்தக்க சிறு வண்டியொன்று அவசரமாகத் தேவைப்பட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பெருமளவில் செய்யும் ஆற்றல் அதற்கு இல்லையென்று கருதி வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களிடம் பெரும்பகுதி வேலை ஒப்படைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் உருவாயின.

நம் நாட்டில் அதை உருவாக்கிய நிறுவனத்தின் முதற்பெயர் தங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மஹிந்திரா அண்டு முஹம்மது! 1945இல் ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்னும் சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முஹம்மது என்பவரும் கூட்டாகத் தொடங்கிய இரும்பு வணிகம் அது. அலிகரில் பயின்ற குலாம் முஹம்மது, நாடு பிரிந்தபோது பாகிஸ்தானுக்குச் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார். 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். இங்கே நிறுவனம் 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. முதலெழுத்துக்கள் மட்டும் மாறவில்லை. வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். இன்று ஏற்காட்டுச் சரிவில் உறுமிக்கொண்டு ஏறுகின்ற வண்டியின் வம்சாவளியில் இப்படியொரு கூட்டும் பிரிவும் இருக்கிறது.

பின்னர் 1985இல் எம்எம் 540 வந்தது. அதே ஆண்டில் மாருதி ஜிப்ஸி வந்தது. ஜிப்ஸி இப்போது உற்பத்தியில் இல்லை. 2010இல் தார் வந்தது. 2020இல் அதன் புதிய வடிவம் வெளியானபின்னரே நம் பிள்ளைகளிடம் இந்த ஆசை காட்டுத்தீயாய்ப் பரவிற்று என்பது என் கணிப்பு.

கல்லா, காலா?

இனி அந்த இரும்புத் தண்டுக்கு வருவோம். மயிலிறகையே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்க, அச்சு முறிவதை ஜீப்போடு வந்த புதுத் தொல்லை என்பது எப்படி! சேலத்தைச் சுற்றிச் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரித் தொழில் ஊர்கள் சூழ்ந்திருப்பதால், அச்சு வேலை அறிந்த பட்டறைக்காரர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அத்தகைய ஒருவரிடம் ஒருநாள் பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். வண்டியின் அடியிலுள்ள பட்டை வில்லை அவர் 'கமான்' என்றார். கமான் என்றால் பாரசீகத்தில் வில்! நம் பட்டறைகளில் எந்தெந்த மொழிகள் எண்ணெய்க் கையோடு உலவுகின்றன பாருங்கள்.

"ஹஜ்ரத், இந்தப் பசங்க வண்டியை உடைக்கிறது கல்லு இல்லீங்க, காலு" என்றார் அவர், முறிந்த தண்டொன்றை என் கையில் கொடுத்து. வலது காலைச் சொல்கிறார். அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன்.

எஞ்சினின் ஆற்றல் கியர்ப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து மற்றொரு பெட்டிக்குச் சென்று, முன்னும் பின்னுமாகப் பிரிகிறது. ஒவ்வொரு அச்சின் நடுவிலும் ஓர் உருண்டைக் கூடு. அதற்குள் கிரௌன் வீல், பினியன், டிஃபரன்ஷியல் ஆகியவை அமர்ந்துள்ளன. திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல இடம் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை. சாலையில் இது பெரும் அருள். சேற்றிலோ இதுவே இடைஞ்சல். எந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்பு குறைவோ அதுவே வீணாகச் சுழலும். ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாகத் தொங்கினால், அது காற்றில் பம்பரமாய்ச் சுழல, தரையிலிருக்கும் மற்றொன்று அசையாமல் நிற்கும்.

அந்நிலையில் இளைஞர் என்ன செய்கிறார்? இன்னும் மிதிக்கிறார். குறைந்த கியர் வரிசை போட்டிருந்தால் சக்கரத்துக்குச் செல்லும் முறுக்கு ஏற்கெனவே ஏறத்தாழ இரண்டரை மடங்காகியிருக்கும். வண்டி குலுங்கி, சுழன்றுகொண்டிருந்த சக்கரம் திடீரென்று ஒரு பாறையைக் கவ்வுகிறது. நொடிப்பொழுதில் சக்கரம் நின்றுவிடுகிறது, எஞ்சின் நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது இரண்டு விரல் பருமனுள்ள தண்டு. 'டக்'கென்று ஓர் ஓசை. அவ்வளவுதான். பாறை அங்கேயே கிடக்கிறது. அதன்மேல் பழி!

முறிந்தபின் நேர்வது அச்சின் அமைப்பைப் பொறுத்தது. லாரிகளில் வண்டியின் எடையை வெளிக்குழாய் தாங்கிக்கொள்கிறது. உள்ளிருக்கும் தண்டுக்குச் சுழற்றுவது ஒன்றே வேலை. அதனை 'ஃபுல் ஃப்ளோட்டிங்' என்பர். தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது. ஜாக்கி கூடப் போடாமல் தண்டை உருவிவிடலாம். போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலும் இவ்வமைப்பே இருந்தது. 'செமி ஃப்ளோட்டிங்' அமைப்பிலோ தண்டே சுழற்றவும் வேண்டும், எடையைச் சுமக்கவும் வேண்டும். வெளிமுனைக்கருகில் முறிந்தால் சக்கரமே கழன்றோடும் அபாயம் உண்டு. தங்கள் மகனின் வண்டி இவ்விரண்டில் எது என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரியாவிடில் மலையேறும் முன் பட்டறைக்கு அனுப்புங்கள்.

பட்டறைக்காரர் வலியுறுத்திய மூன்று செய்திகளை நான் குறித்துக்கொண்டேன். முறிந்த தண்டை வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. பதமேற்றிய எஃகு அது. பற்றவைத்த இடத்தை ஒட்டிப் பதம் கெட்டு, அடுத்த ஏற்றத்திலேயே மீண்டும் முறியும். முறிந்த துண்டின் உள்முனையை வெளியே எடுக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது. ஒரு சிறு சில்லு கிரௌன் வீலின் பற்களுக்கிடையில் விழுந்தால், ஒரு தண்டோடு போக வேண்டிய செலவு முழு அச்சுக்கும் பரவும். கிரௌன் வீல் கெட்டால் பினியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்திய இணை அவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைப் பழையதாகவும் போட்டால் வண்டி ஊளையிடும். "மலிவா முடிச்சுக் கொடுங்கன்னு கேக்கறாங்க. மலிவா முடிச்சா மறுபடி வருவாங்க. எனக்கு லாபம்தான்" என்று சொல்லி அவர் சிரித்தார். பிறர் நட்டத்தில் வரும் லாபத்தை விரும்பாதவரின் சிரிப்பு அது.

அந்தத் தடம் யாருடையது?

வண்டியைப் பற்றி இவ்வளவு பேசினோம். வழியைப் பற்றிப் பேச வேண்டாமா?

சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்பதே பொருள், பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் சொல்வதுண்டு. மிளகும் காப்பியும் பலாவும் இவர்கள் கையால் சந்தைக்கு வருகின்றன. தார் எட்டாத ஊர்களுக்கு ஜீப்பே பேருந்து, ஜீப்பே சரக்கு லாரி, இரவில் ஜீப்பே ஆம்புலன்ஸ். ஜீப்பும் செல்ல இயலாத இடத்தில் டோலி. மூங்கிலில் துணியைக் கட்டி நோயாளியைக் கிடத்தி, இருவர் நால்வராகச் சுமப்பது.

டோலியெல்லாம் பழங்காலத்துக் கதை என்று நினைப்போர் 2023 மே மாதத்தை நினைவுகூர வேண்டும். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று பாம்பு கடித்து, மருத்துவமனை சேருமுன் இறந்துபோயிற்று. சடலத்தைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேற்கொண்டு செல்லப் பாதையின்றி நடுவழியில் நின்றுவிட, பெற்ற தாயே குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் மலையேறினாள். நாடே அந்தப் படத்தைக் கண்டது. ஒரு பாதையின் மதிப்பு என்னவென்று அந்தத் தாயைக் கேட்டால் தெரியும்.

ஏற்காட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றுக்கு நாள்தோறும் ஜீப் ஓட்டுகிற ஒருவரோடு முன்னிருக்கையில் அமர்ந்து சென்றிருக்கிறேன். ரேஷன் அரிசி மூட்டைகள், ஒரு சமையல் எரிவாயு உருளை, பள்ளிவிட்ட குழந்தைகள் எல்லாம் பின்னால். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கால் தானாகத் தளர்ந்தது. ஓடையருகே இறங்கி நீரின் ஆழத்தைக் குச்சியால் பார்த்தார், இரண்டு கற்களைத் தூக்கிப் போட்டார், பிறகே ஓட்டினார். அவருடைய வண்டியில் இருந்தது பழைய எஞ்சின், தேய்ந்த டயர். ஆறு ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் ஆக்சில் மாற்றினாராம்!

"பாய், டவுன் வண்டிங்க மழை விட்ட மறுநாளாப் பாத்து வருது. சேறு இருந்தாத்தான் அவங்களுக்கு விளையாட்டு. அவங்க நோண்டிட்டுப் போன பள்ளம் காஞ்சு இறுகிப் போச்சுன்னா, ரெண்டு மாசத்துக்கு நாங்க அதுலதான் போவணும். பைக்குல வர்றவன் விழுந்து எந்திரிக்கிறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த பள்ளத்தைப் பார்த்து வண்டியை ஒடித்தார்.

ஈர மண்ணில் சக்கரம் சுழன்று வெட்டிய பள்ளம் அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. நீர் தடத்தின் வழியே ஓடி, மேல் மண்ணை அரித்து, கல்லை வெளியே தள்ளுகிறது. மூன்றாம் மழைக்கு அங்கே தடம் இல்லை, ஓடை இருக்கிறது. தோட்டத்துக்காரராயின் இயந்திரம் வைத்துச் செப்பனிடுவார். சிற்றூர்க்காரர்களோ மண்வெட்டியோடு கூட வேண்டும். ஐந்து இளைஞர்களின் ஒருநாள் களிப்புக்கு ஓர் ஊரே ஒருநாள் கூலியை இழந்து உழைக்கும் அநீதியை எப்படி நியாயப்படுத்துவது? சேறு காயும்வரை இரண்டு மூன்று நாள் பொறுத்து வந்தால் பாதிக் கேடு குறையும். தடத்துக்குள் நுழையுமுன் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால், டயர் அகன்று படிந்து மண்ணைத் தோண்டாது, வழுக்கலும் குறையும். தார் வந்ததும் மீண்டும் காற்றடித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். தோட்டத் தடமாயின் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். கேளாமல் நுழைவது நமக்கு ஆகுமானதன்று என்பதை மார்க்கக் கல்வி பெற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மலைச்சரிவின் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் வனச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றி அங்கே வண்டியோடு நுழைவது குற்றம். காட்டெருமைகள் திரியும் இடம் அது. கோடையில் சூடேறிய புகைக்குழாய் காய்ந்த புல்லைத் தொட்டாலே தீப்பற்றக் கூடும். ஏற்காட்டுச் சரிவுகளில் மார்ச், ஏப்ரல் மாதத் தீ புதிதன்று. வண்டியை உயர்த்துவது, பெருத்த டயர் மாட்டுவது முதலியவற்றிலும் எச்சரிக்கை தேவை. பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, பெரிய டயர் என்பது அதே பழைய தண்டின்மீது புதிய சுமை. முன்பு சொன்ன 'டக்' ஓசை விரைவில் வருவதற்கு அதுவே நல்ல வழி!

நிற்க. இந்த ஆர்வத்தை நான் வெறுப்பவனல்லன். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, காரும் பேருந்தும் புக இயலாத நீரில் நுழைந்து மக்களைக் கரைசேர்த்தவர்களில் மீனவர்களோடு ஜீப் சங்கத்து இளைஞர்களும் இருந்தனர். வாரக் கடைசியில் விளையாட்டாய்ப் பழகிய கையும் காலும் அன்று உதவிக்கு வந்தன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டபின், சேறும் பாறையுமான வழியில் மீட்போரையும் பொருள்களையும் ஏற்றிச் சென்றவற்றிலும் இத்தகைய ஜீப்புகள் இருந்தன. சேர்வராயன் மலையில் அடுத்த பெருமழை எப்போது என்று எவரும் அறியார். சேலத்து ஜீப் இளைஞர்கள் அச்சிற்றூர்களின் வழிகளையும் அங்குள்ள ஓட்டுநர்களையும் இப்போதே அறிந்து வைத்திருந்தால், தடம் செப்பனிடும் நாளில் ஒரு கயிறும் இரண்டு மண்வெட்டியும் கொண்டு போய் நின்றால், அந்தப் பழக்கம் ஓர் இரவில் யாரோ ஒரு கர்ப்பிணிக்குப் பயன்படும்.

செல்ல விரும்புவோருக்கு ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. மண் இறுகியிருக்கும்; பனி காலை ஒன்பது மணிக்குள் விலகிவிடும்; காப்பிப் பழங்கள் சிவந்திருக்கும். பறிக்கும் காலமாதலால் தோட்டத்து வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். தனி வண்டியாகச் செல்ல வேண்டாம். குறைந்தது இரண்டு வண்டி, ஒரு கயிறு, ஒரு மாற்றுத் தண்டு. ஓடையைக் கடந்து வந்திருந்தால் வீடு திரும்பிய மறுநாளே அச்சுக் கூட்டின் அடித்திருகைக் கழற்றிப் பாருங்கள். சூடான கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். வடியும் எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தால் கவலையில்லை. பால் கலந்த தேநீரைப் போல் இருந்தால் உடனே மாற்றுங்கள்.